எண்ணெய்த் தொட்டிகளின் மேல் 285 வீடுகள்: கார்சன் நிகழ்வு ஆய்வு

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே கார்சன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கரௌசல் என்ற குடியிருப்பில் 285 தனி வீடுகள். 1960களின் கடைசியில் கட்டி விற்கத் தொடங்கிய வீடுகள். வாங்கியவர்களில் பலர் கடனைக் கட்டி முடித்து, பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் அதே கொல்லையில் விளையாட விட்டவர்கள். அந்த மண்ணுக்குள் கச்சா எண்ணெய் இருக்கிறது என்பது 2008இல்தான் தெருவுக்குத் தெரிய வந்தது. அப்போதும் யாரும் அந்த இடத்தைத் தேடிப் போய்ச் சோதிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பழைய ரசாயனத் தொழிற்சாலை இடத்தை மாநில அரசின் நச்சுப்பொருள் துறை ஆராய்ந்துகொண்டிருந்தது. மாசு எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்கத் துளை போட்டபோது, தொழிற்சாலைக்குச் சம்பந்தமில்லாத பெட்ரோலியம் கிடைத்தது.

நான் சில வருடங்கள் பழைய பெட்ரோல் பங்க் இடங்களிலும் டேங்க் இடங்களிலும் மண் சாம்பிள் எடுக்கும் வேலை பார்த்தவன். கார்சனுக்கும் எனக்கும் வேலை ரீதியாகத் தொடர்பு கிடையாது. ஆனால் இந்த ஒரு விவகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மண்ணில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்ற கேள்விக்கும், மனுஷன் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்ற கேள்விக்கும் நடுவே எத்தனை விஷயம் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு எனக்குத் தெரியாது. அதில் பாதிக்கு விடை ரசாயனத்தில் கிடைக்காது. ஒரு குடும்பம் தன் கொல்லையில் எத்தனை அடி தோண்டும் என்பதில் கிடைக்கும்.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது

44 ஏக்கர் நிலம். 1920களில் ஷெல் எண்ணெய் நிறுவனம் அதை வாங்கி மூன்று பெரிய சேமிப்புத் தொட்டிகளைக் கட்டியது. தொட்டி என்றதும் இன்று துறைமுகத்தில் பார்க்கிற இரும்பு உருளை நினைவுக்கு வரலாம். இவை அப்படி இல்லை. நிலத்தைக் குழித்து, சுற்றிலும் மண் கரை எழுப்பி, உள்ளே கான்கிரீட் பூசி, மேலே கூரை போட்ட குளங்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும். இரண்டு தொட்டிகள் தலா 7.5 லட்சம் பீப்பாய் கொள்ளும், மூன்றாவது 20 லட்சம் பீப்பாய் கொள்ளும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். ஆக மூன்றும் நிரம்பினால் 55 கோடி லிட்டருக்கு மேல். பெரும்பாலும் கச்சா எண்ணெய்தான் அதில் இருந்தது.

நாற்பது வருடம் இப்படி ஓடியது. 1960களின் நடுவில் நிலம் வீடு கட்டும் நிறுவனத்துக்குக் கைமாறியது. அப்புறம் நடந்ததுதான் இன்று வரைக்குமான தலைவலி. தொட்டியின் கான்கிரீட்டை முழுசாக அப்புறப்படுத்தவில்லை. அடித்தளத்தைத் தண்ணீர் வடிய வசதியாக உடைத்துவிட்டு, அங்கேயே விட்டு, சுற்றியிருந்த கரை மண்ணைத் தள்ளி நிரப்பிச் சமப்படுத்தினார்கள். 1966 காலத்து மண் பரிசோதனை அறிக்கைகளிலேயே எண்ணெய்க் கறையும் எண்ணெய் வாடையும் உள்ள மண் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து மண் பொறியாளர் எழுதிய கேள்வி வேறு: இந்த மண் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குமா என்பது. அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னார். இதில் பிள்ளைகள் விளையாடலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

எண்ணெய் ஊறிய மண் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். துளையிடும் இயந்திரம் நீளமான பிளாஸ்டிக் குழாயில் மண்ணை அப்படியே எடுத்து வரும். அதை மேசை மேல் வைத்து நீள வாக்கில் கத்தியால் கீறித் திறப்போம். மேலே ஓர் அடி, இரண்டு அடி சாதாரணப் பழுப்பு மண், புல் வேர், கூழாங்கல். கொஞ்சம் கீழே போனால் நிறம் மாறும். பழுப்பு போய் ஒரு மாதிரி பச்சை கலந்த சாம்பல் நிறம் வரும். கிருமிகள் எண்ணெயைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிட்ட மண்ணின் நிறம் அது. அந்த இடத்தில் பாச்சை உருண்டை வாசம் வரும், அது நாஃப்தலீன். இன்னும் கீழே, களிமண் அடுக்குக்கு மேலே எண்ணெய் தேங்கியிருந்தால் குழாயின் உட்சுவரில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டியிருக்கும், கையுறையில் பட்டால் சோப்பு போட்டாலும் வாசம் போகாது. ஒரே குழாயில், மூன்று அடி இடைவெளியில் இந்த மூன்றையும் பார்க்கலாம். அதனால்தான் "இந்தக் கொல்லை மண் சுத்தமா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது, எந்த ஆழத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பயமுறுத்திய இரண்டு எண்கள்

2008இல் லாஸ் ஏஞ்சலஸ் பிராந்திய நீர்த்தர வாரியம் ஷெல் நிறுவனத்தை ஆய்வு நடத்தச் சொல்லி உத்தரவு போட்டது. முதலில் பொதுத் தெருக்களில் துளை போட்டு மண்ணையும் மண் இடுக்கில் இருக்கும் வாயுவையும் எடுத்தார்கள். கிடைத்ததில் இரண்டு எண்கள் ஊரையே உலுக்கின.

ஒன்று, மண் வாயுவில் பென்சீன், கச்சா எண்ணெயிலும் பெட்ரோலிலும் இருக்கும் சுலபத்தில் ஆவியாகும் நச்சுப் பொருள். உச்ச அளவு லிட்டருக்கு 3,800 மைக்ரோகிராம். குடியிருப்புக்குக் கலிஃபோர்னியா வைத்திருந்த முதல்கட்ட அளவுகோல் லிட்டருக்கு 0.036 மைக்ரோகிராம். வகுத்துப் பார்த்தால் 1 லட்சம் மடங்குக்கும் மேல். இரண்டாவது, மீத்தேன். ஓர் இடத்தில் மண் வாயுவில் 59.7 சதவீதம் மீத்தேன் இருந்தது. காற்றில் 5 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

இந்த எண்களைக் கேட்ட ஒரு தாய் அன்றைக்கு இரவு தூங்கியிருப்பாரா? முடியாது. ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அளவுகோலை 1 லட்சம் மடங்கு தாண்டியது என்றால் ஆபத்தும் 1 லட்சம் மடங்கு என்று அர்த்தம் கிடையாது. அந்த அளவுகோல் ஒரு சல்லடை. அதற்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம், மேலே இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நம் மொழியில் பொருளின் நச்சுத்தன்மைக்கும் அது நம்மைத் தாக்கும் வாய்ப்புக்கும் "ஆபத்து" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம், அதனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பென்சீனின் நச்சுத்தன்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அது தெருவுக்கு அடியில் இருந்து படுக்கையறைக்கு வருகிறதா, வந்தால் எவ்வளவு? இதற்குத்தான் விடை தேட வேண்டியிருந்தது.

மண்ணிலிருந்து வீட்டுக்குள்

வீட்டுக்கு அடியில் உள்ள வாயு வீட்டுக்குள் வர முடியும். தரைக் கான்கிரீட்டில் விரிசல் இருக்கும், குழாய் நுழையும் இடத்தில் இடைவெளி இருக்கும். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது சூடான காற்று மேலே போய், தரையிலிருந்து காற்று லேசாக உறிஞ்சப்படும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2015 வழிகாட்டியில், தரைக்கு நேர் கீழே உள்ள வாயு வீட்டுக் காற்றில் 0.03 பங்காக, அதாவது நூற்றில் மூன்றாக வரும் என்று முதல்கட்டக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அந்த 0.03ஐ 3,800 மைக்ரோகிராமில் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1,000 லிட்டர் காற்றுக்கு, 1,14,000 மைக்ரோகிராம் வருகிறது. காற்றில் 10 லட்சத்தில் சுமார் 35 பங்கு. அமெரிக்காவில் தொழிற்சாலையில் 8 மணி நேரம் வேலை செய்பவருக்கே 1 பங்குதான் உச்சவரம்பு. 35 பங்கு இருந்தால் வீட்டுக்குள் நுழைந்ததுமே இனிப்பான பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்திருக்கும். நாற்பது வருடம் அங்கே குடியிருக்க யாராலும் முடிந்திருக்காது. அப்படியென்றால் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டையின் பெயர் பாக்டீரியா. 0.03 என்பது உலர் சலவைக் கடைகளிலும் உலோகம் துடைக்கும் இடங்களிலும் கசியும் குளோரின் கலந்த கரைப்பான்களின் தரவிலிருந்து வந்த எண். அவற்றை மண் கிருமிகள் சுலபத்தில் தின்னாது. பென்சீன் போன்ற பெட்ரோலியப் பொருள்களை ஆக்சிஜன் இருந்தால் தின்றுவிடும், அதுவும் வேகமாக. மேலிருந்து காற்று இறங்க, கீழிருந்து ஆவி ஏற, இரண்டும் சந்திக்கும் சில அடி மண்ணில் பென்சீன் ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு குறைவதைக் களத்தில் பார்க்கலாம். அதனால் பெட்ரோலியத்துக்கென்று தனி வழிகாட்டியே 2015இல் வந்தது: எண்ணெயாகவே தேங்கியிருக்கும் இடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் 15 அடி சுத்தமான மண் இருந்தால், அல்லது நீரில் கரைந்த மாசாக மட்டும் இருந்து 6 அடி மண் இருந்தால், ஆவி வீட்டுக்குள் வருவதைப் பற்றிப் பொதுவாகக் கவலைப்பட வேண்டாம் என்று.

சரி, கார்சனில் அந்த 15 அடி இருந்ததா? இல்லை. பழைய கரை மண்ணையே நிரப்பியதால் முதல் 10 அடிக்குள்ளேயே எண்ணெய் இருந்தது, சில இடங்களில் மேற்பரப்புக்கு இன்னும் பக்கத்தில். அதனால் வழிகாட்டியைக் காட்டிக் கதவைச் சாத்த வழியில்லை, வீடு வீடாகப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. தரைக் கான்கிரீட்டில் துளை போட்டு அடியில் இருக்கும் வாயுவை எடுப்பது, வீட்டுக்குள் வெற்றிடமாக்கிய எஃகுக் கலத்தை வைத்து ஒரு நாள் முழுக்கக் காற்றை மெதுவாக இழுக்க விடுவது, அதே நேரத்தில் வெளியே இன்னொரு கலம், கராஜில் ஒன்று. இது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தொந்தரவு என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நெயில் பாலிஷ் கூடாது, பெயிண்ட் டப்பா, பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும், சமையலறைக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் துளை போடுவார்கள்.

வீட்டுக்குள் கிடைத்த பென்சீன் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தும் கராஜில் நிற்கும் காரிலிருந்தும் வரக்கூடிய அளவோடு ஒத்துப்போனது. மீத்தேனும் வெடிக்கும் அளவில் வீடுகளுக்குள் தென்படவில்லை. இது நல்ல செய்தி. ஆனால் வீட்டுக்காரர்களுக்கு இதில் நிம்மதி வரவில்லை, அதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கடுமையான புற்றுநோய்க் கணக்கின்படி வீட்டுக் காற்றில் பென்சீனுக்கு, 10 லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற ஆபத்து அளவு கன மீட்டருக்கு 0.097 மைக்ரோகிராம். லாஸ் ஏஞ்சலஸின் சாதாரண வெளிக்காற்றே அதைத் தாண்டித்தான் இருக்கிறது, வாகனப் புகையால். ஆக வீட்டுக்குள் உள்ள பென்சீன் அளவுகோலைத் தாண்டியிருக்கிறது, ஆனால் அது மண்ணிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது என்பது அறிக்கையின் வாசகமாகிறது. படிப்பவருக்கு எப்படி இருக்கும்? தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். என் அபிப்பிராயத்தில் அந்த முடிவு அறிவியல் ரீதியாகச் சரி. அதைச் சொல்லும்போது வெளிக்காற்றின் எண்ணையும் வீட்டுக் காற்றின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தந்த வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து காட்டியிருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண் சொல்கிறேன். அதே 10 லட்சத்தில் ஒன்று என்ற ஆபத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில் 0.36 மைக்ரோகிராம் வருகிறது. இந்தியாவில் 2009 தேசியக் காற்றுத் தர விதியில் பென்சீனுக்கு ஆண்டு சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம். கலிஃபோர்னியா கணக்கைப் போட்டால் அந்த 5 என்பது 10 லட்சத்தில் சுமார் 50 பேர் என்று ஆகிறது. எல்லா ஊரிலும் அதே பென்சீன்தான், அதே நுரையீரல்தான். எந்த ஆய்விலிருந்து நச்சு விகிதத்தை எடுத்தார்கள், எவ்வளவு ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அரசு முடிவு செய்தது, இந்த இரண்டும்தான் வேறு.

எத்தனை அடி தோண்டுவார்கள்

எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். காற்றைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம், உண்மையில் கார்சனில் மண்ணை நேராகத் தொடுவதுதான் பெரிய விவாதமாக இருந்தது.

மண்ணைத் தொடுவதில் மூன்று வழிகள்: கையில் ஒட்டி வாய்க்குப் போவது, தோல் வழியாக ஊறுவது, தூசியாக மூச்சில் போவது. சின்னப் பிள்ளை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஒரு சிட்டிகைக்கும் குறைவுதான், ஆனால் ஆறு வருடம், வருடத்தில் 350 நாள் என்று பெருக்குவார்கள். அதை 15 கிலோ எடையால் வகுப்பார்கள். பெரியவர்களின் எடையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைவிட இது பல மடங்கு. கலிஃபோர்னியா 2009இலிருந்து இன்னொன்றும் சேர்த்திருக்கிறது: கருவில் கடைசி மூன்று மாதமும் பிறந்து இரண்டு வயது வரைக்கும் உடம்பில் சேர்வதற்குப் புற்றுநோய்க் கணக்கில் 10 மடங்கு முக்கியத்துவம், இரண்டிலிருந்து பதினாறு வயது வரைக்கும் 3 மடங்கு. பிள்ளைகளுக்கு இந்தக் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்தது மிகச் சரி என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த 350 நாளைக் கவனியுங்கள். மேற்பரப்பு மண்ணுக்கு 350 நாள் என்பது சரி. ஐந்து அடி ஆழத்து மண்ணைக் குடும்பத்தினர் வருடத்தில் எத்தனை நாள் தொடுவார்கள்? மரம் நட, வேலிக் கம்பம் ஊன்ற, உடைந்த சாக்கடைக் குழாயை மாற்ற, எப்போதாவது. உதாரணத்துக்கு வருடத்துக்கு 4 நாள் என்று ஒருவர் எழுதினால் ஆபத்து எண் 350ஐ 4ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 87 மடங்குக்கு மேல் சுருங்கிவிடும். மண் அப்படியேதான் இருக்கிறது, ஆய்வகத்தின் அளவும் அப்படியே இருக்கிறது. ஒரே ஓர் அனுமானம் மாறி, சுத்தம் செய்ய வேண்டிய ஆழமும் செலவும் மாறிவிடுகிறது.

அதனால் எந்த ஆழம் வரைக்கும் "தினமும் தொடும் மண்" என்று கோடு போடுவது என்பதில் வருடக்கணக்கில் இழுபறி நடந்தது. ஷெல் தரப்பின் ஆரம்பத் திட்டங்கள் ஆழம் குறைவாகத் தோண்டி, கீழே உள்ளதற்குக் கட்டுப்பாடு போடலாம் என்ற வழியில் இருந்தன. அதாவது வீட்டுக்காரர் இத்தனை அடிக்கு மேல் தோண்டுவதென்றால் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். நீர்த்தர வாரியம் திட்டங்களைத் திருப்பி அனுப்பியது. மாநிலத்தின் நலவாழ்வு ஆபத்து மதிப்பீட்டு அலுவலகமும் கணக்குகளைச் சரிபார்த்துக் கருத்துச் சொன்னது. கடைசியில் ஏற்றுக்கொண்டது 5 அடி, எண்ணெய் அதிகமாக உள்ள குறிப்பிட்ட இடங்களில் 10 அடி வரைக்கும்.

நான் வாரியத்தின் பக்கம். காரணம் எளிது. ஆழத்து மண் ஆழத்திலேயே இருக்காது. தோண்டியவர் அந்த மண்ணை எங்கே போடுவார்? பக்கத்திலேயே குவிப்பார், மிச்சத்தைப் பூச்செடிப் பாத்தியில் பரப்புவார். ஒரு நீச்சல் குளம் வெட்டினால் எட்டு, ஒன்பது அடி மண் மேலே வந்துவிடும். அன்றிலிருந்து அது 350 நாள் மண். அப்புறம் அனுமதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை காகிதத்தில் இருக்கும். வீடு கைமாறி, வாடகைக்கு விட்டு, இருபது வருடம் கழித்து ஒரு பிளம்பர் வந்து தோண்டும்போது அந்தக் காகிதம் யார் கையில் இருக்கும்? 1966 மண் அறிக்கையில் எண்ணெய்க் கறை பற்றி எழுதியிருந்ததும் ஒரு காகிதம்தான். வீடு வாங்கியவர் கைக்கு அது வரவில்லை.

இந்த விவாதம் நடந்த வருடங்களில் குடியிருப்பவர்களுக்குக் கிடைத்த அறிவுரை: மண்ணைத் தொடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், கொல்லையில் விளைந்ததைச் சாப்பிடாதீர்கள். ஒரு வரிதான். பழமரம் வைத்துப் பத்து இருபது வருடமாகப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வரி என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2013 ஜூலையில் கார்சன் நகர மன்றம் உள்ளூர் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குக் கோபம் போனது.

எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்

பெட்ரோலியம் ஒரே பொருள் கிடையாது; ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஆய்வகம் "மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்" என்று ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து உடல்நலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. ஒரு கிலோ மண்ணில் 10,000 மில்லிகிராம் கனமான, பழசாகிப்போன தார் போன்ற எண்ணெய் இருப்பதைவிட, வெறும் 10 மில்லிகிராம் பென்சீன் இருப்பது மோசம். 1990களில் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு பணிக்குழு வேலை செய்து, கார்பன் எண்ணிக்கைப்படியும், நேர்ச் சங்கிலியா வளையமா என்பதன்படியும் எண்ணெயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதிப் பொருளின் நச்சு அளவைக் கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். பென்சீன், நாஃப்தலீன், பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தைப் பகுதிகளாகக் கணக்கிடுவார்கள்.

இலங்கை வாசகர்களுக்கு இது தூரத்துக் கதை கிடையாது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், 2019இல் உச்ச நீதிமன்றம் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் நினைவிருக்கும். அங்கே எல்லோர் வாயிலும் அடிபட்ட அளவு "எண்ணெயும் கிரீசும்". அந்தச் சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? தண்ணீரைக் கரைப்பானோடு குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதை எடை போடுவார்கள். ஆவியாக்கும்போது பென்சீனும் சேர்ந்து போய்விடும். சமையல் எண்ணெய் இருந்தால் அதுவும் எடையில் சேரும். கிணற்றில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட அந்த எண் உதவும், அதற்கு மேல் குடிப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை இல்லை. பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், நாஃப்தலீன் எல்லாவற்றையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் ஊரில் இப்படி ஒரு பிரச்சினை வந்தால் அறிக்கையில் முதலில் இதைத்தான் தேடுங்கள்.

கார்சனில் நிலத்தடி நீரிலும் பென்சீன் இருந்தது, 50 அடிக்கும் கீழே. வீடுகளின் குழாய்த் தண்ணீர் அந்த ஆழத்து நீர் கிடையாது என்பதால் குடிநீர் வழி ஆபத்துக் கணக்கில் பெரிதாக வரவில்லை. சுன்னாகத்தில் கிணறே குடிநீர். எண்ணெய் கசிந்த கதை இரண்டு ஊரிலும் ஒன்றுபோல இருந்தாலும் உடம்புக்குள் போகும் வழி முற்றிலும் வேறு.

"என் வீட்டில் ஏன் புற்றுநோய் வந்தது?"

இந்தக் கேள்விக்கு ஆபத்து மதிப்பீடு பதில் சொல்லாது, சொல்லவும் முடியாது. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாததுதான் பல இடங்களில் நம்பிக்கை உடையக் காரணம்.

கணக்கைப் பாருங்கள். 285 வீட்டில் 1,500 பேர் என்று வைப்போம். வாழ்நாளில் ஏதோ ஒரு புற்றுநோய் வரும் வாய்ப்பு அமெரிக்காவில் பத்தில் நான்கு பேருக்கு. மண்ணில் எண்ணெயே இல்லாவிட்டாலும் அந்த 1,500 பேரில் ஏறத்தாழ 600 பேருக்கு வரும். மண்ணால் கூடுதல் ஆபத்து 10 லட்சத்தில் 100 என்று வைத்தாலும், அது சுத்தம் செய்தே ஆக வேண்டிய பெரிய எண், 1,500 பேருக்கு 0.15 ஆள்தான் வருகிறது. 600க்கு நடுவில் 0.15ஐ எந்தப் புள்ளிவிவரத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் "இங்கே புற்றுநோய் அதிகமாக இல்லை" என்று ஓர் ஆய்வு சொன்னால் மண் பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை. அதேபோல ஒரு தெருவில் நான்கு பேருக்குப் புற்றுநோய் வந்தால் அது மண்ணால்தான் என்றும் நிரூபணம் ஆகாது. ஆபத்து மதிப்பீடு முன்னே பார்க்கிற வேலை: இனிமேல் இந்த மண்ணில் ஒரு குழந்தை வளரலாமா, வளர எதையெல்லாம் எடுத்துப் போட வேண்டும் என்பதற்கு. நடந்துபோனதற்குக் காரணம் யார் என்பதை அதனிடம் கேட்டால் கையை விரிக்கும்.

அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 2014இல் ஷெல் நிறுவனம் 9 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. வழக்குப் போட்டவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். வீடு கட்டிய நிறுவனத்தின் வழி வந்த, டோல் உணவு நிறுவனத்தின் துணை நிறுவனமான பார்க்லே ஹொலாண்டரையும் 2015இல் வாரியம் பொறுப்பாளிகள் பட்டியலில் சேர்த்தது.

கடைசியில் செய்தது

சுத்திகரிப்புத் திட்டத்துக்கு 2015 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது. மாசு தெரிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. 200க்கும் மேற்பட்ட வீடுகளில் தோட்டத்து மண்ணையும் நடைபாதைக் கான்கிரீட்டையும் எடுத்து, 5 அடி வரைக்கும், தேவைப்பட்ட இடத்தில் 10 அடி வரைக்கும் தோண்டி, வெளியிலிருந்து சுத்தமான மண் கொண்டு வந்து நிரப்புவது. சில சில வீடுகளாக எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பங்களைத் தற்காலிகமாக வேறு இடத்தில் தங்க வைத்து வேலை நடந்தது. மண்ணுக்குள் குழாய் பதித்து ஆவியை உறிஞ்சியும், கிருமிகளுக்குக் காற்று கொடுத்தும், ஆழத்தில் மிச்சம் இருப்பதைக் குறைப்பது இன்னொரு பகுதி. தரைக்கு அடியில் அளவு அதிகமாக இருந்த சில வீடுகளுக்குக் கான்கிரீட்டுக்குக் கீழே குழாய் வைத்து, வாயுவை விசிறியால் வெளியே இழுத்துக் கூரைக்கு மேலே விடும் ஏற்பாடு. அதே ஏற்பாட்டை, மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கு அமெரிக்காவில் நிறைய வீடுகளில் பார்க்கலாம்.

வீடுகளுக்கு நேர் அடியில் இருக்கும் மண்ணைத் தோண்டவில்லை. தெருவுக்கு அடியிலும் இல்லை. தோண்ட வேண்டுமென்றால் வீட்டை இடிக்க வேண்டும். அப்படிச் செய்திருக்கலாம், எல்லா வீட்டையும் வாங்கிவிட்டு மொத்தமாகத் தோண்டியிருக்கலாம் என்று கேட்டவர்கள் அங்கே நிறையப் பேர். அந்தக் கோரிக்கையை நான் மிகையாக நினைக்கவில்லை. ஆபத்துக் கணக்கின்படி அது தேவைப்படவில்லை என்பது வாரியத்தின் முடிவு: கான்கிரீட் இருக்கும் வரைக்கும் யாரும் அந்த மண்ணைத் தொட மாட்டார்கள், ஆவியைக் குழாய் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தைக் கிருமிகள் பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றில் முதலாவது வீடு நிற்கும் வரைக்கும்தான் செல்லும். ஒருவர் தன் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட நினைத்தால், அன்றைக்கு அந்தத் தரைக்கு அடியில் இருக்கும் 1966 மண்ணை மறுபடியும் அளக்க வேண்டும், முதல் அடியிலிருந்து.